ரீபாண்டிங் செய்த கூந்தலுக்கு வளர்ச்சித் தைலம் கைகொடுக்குமா?

தீபாவளியோ திருமணமோ நெருங்கினால் அழகு நிலையங்களில் இடம் கிடைப்பதே அரிது. சுருண்டும் நெளிந்தும் இருக்கும் கூந்தலைச் சில மணி நேரத்தில் பட்டுப் போல நீட்டிவிடும் ரீபாண்டிங் முறைக்கு, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களிடையே நீண்ட காலமாகவே வரவேற்பு உண்டு. ஆனால் சில மாதங்கள் கழிந்ததும் பலருடைய முறையீடு ஒன்றாகவே இருக்கிறது. "முடி வளரவே மாட்டேங்குது. இருந்ததும் போயிடுச்சு!"

அதற்குப் பிறகு தைலம், சீரம், ஷாம்பு, மாத்திரை என்று ஒன்றன் பின் ஒன்றாக வாங்கத் தொடங்குகிறார்கள். ஒன்றில் பலன் இல்லையென்றால் அதைவிட விலை கூடியது. இப்படிச் செலவாகும் பணம் சில வேளைகளில் ரீபாண்டிங் செய்த கட்டணத்தையே மிஞ்சிவிடுகிறது. இந்தப் பொருள்கள் உண்மையில் பலன் தருகின்றனவா?

விடை காண்பதற்கு முன் வேறொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். கூந்தல் வளரவில்லையா, அல்லது வளர்ந்தும் உடைந்து போகிறதா? இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். மருந்தும் வெவ்வேறு.

வேருக்கு உயிர் உண்டு, இழைக்கு இல்லை

தலைமுடி வளர்வது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பையில்தான். நம் கண்ணுக்குத் தெரியும் இழை, கெராட்டின் என்னும் புரதத்தால் ஆன உயிரற்ற பொருள். அதனால்தான் முடியை வெட்டும்போது வலிப்பதில்லை. தலைமுடி மாதத்திற்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, பிறகு ஏறக்குறைய 3 மாதங்கள் ஓய்வெடுத்து, உதிர்ந்துவிடும். அதே வேரிலிருந்து புது முடி புறப்படும். நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே.

ஆகவே, இழையின் மேல் எதைத் தடவினாலும் அது வளர்ச்சியைக் கூட்டாது. வளர்ச்சிக்கு உதவ வேண்டுமென்றால் அந்தப் பொருள் வேரைச் சென்றடைய வேண்டும்.

இரசாயனம் என்ன செய்கிறது?

முடியின் வலிமைக்கும் வடிவத்திற்கும் காரணம், கெராட்டினுக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகள். ரீபாண்டிங் செய்யும்போது அமோனியம் தயோகிளைக்கோலேட் போன்ற இரசாயனம் இந்தப் பிணைப்புகளை அவிழ்க்கிறது. பிறகு சூடான இரும்பால் முடியை நேராக இழுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற திரவத்தால் அதே நிலையில் பிணைப்புகளை மீண்டும் பூட்டுகிறார்கள். அவிழ்ந்தவை அனைத்தும் மறுபடி பூட்டிக்கொள்வதில்லை. அங்கேதான் முடி பலவீனமடைகிறது.

ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் பெரிதும் பயன்படுத்தும் 'ரிலாக்சர்' இதைவிடக் கடுமையானது. அதில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா, அல்லது அதற்கு இணையான காரம் இருக்கிறது. அது பிணைப்புகளை நிரந்தரமாக மாற்றிவிடும். ரிலாக்சர் போட்ட முடியின் மேல் ரீபாண்டிங் செய்தால் முடி கொத்துக் கொத்தாக முறியும். முன்பு என்ன செய்திருக்கிறீர்கள் என்பதை அழகு நிலையத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டியது இதனால்தான்.

கூந்தலே காட்டும் அளவுகோல்

ரீபாண்டிங் செய்த கூந்தலில் ஒரு வசதி உண்டு. செய்த நாளுக்குப் பிறகு முளைக்கும் முடி, பழையபடி சுருளாகவோ நெளியாகவோதான் வரும். அந்தப் பகுதியை நீட்டி அளந்து பாருங்கள். ரீபாண்டிங் செய்து 6 மாதம் ஆகியிருந்து, வேர்ப்பக்கம் 6 சென்டிமீட்டர் அளவுக்குப் புது முடி இருந்தால், வளர்ச்சியில் குறையே இல்லை என்று பொருள். அப்படியானால் கூந்தல் ஏன் நீளவில்லை? மேலே மாதம் 1 சென்டிமீட்டர் வளர, கீழே அதே அளவு உடைந்து விழுகிறது. வரவும் செலவும் சமம். சேமிப்பு மட்டும் இல்லை.

சீப்பில் சிக்கும் முடியையும் உற்றுப் பாருங்கள். நுனியில் சிறிய வெண்ணிறக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் குட்டை குட்டையாக இருந்தால் அது உடைந்த முடி. உடைவதுதான் சிக்கல் என்றால், வளர்ச்சித் தைலத்திற்குச் செலவிடும் பணம் வீண்.

எந்தப் பொருள் எதற்கு?

தேங்காய் எண்ணெய்: 2003-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றும் ஒப்பிடப்பட்டன. முடியிலிருந்து புரதம் கரைந்து வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. சேதமடைந்த முடியிலும் இந்தப் பலன் தெரிந்தது. தலைக்குக் குளிக்குமுன் எண்ணெய் தடவச் சொன்ன பாட்டிமார்களின் பழக்கத்திற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் அது முடியைக் காக்கிறதே தவிர, முளைக்க வைப்பதில்லை.

மூலிகைத் தைலங்கள்: கரிசலாங்கண்ணி, செம்பருத்தி போன்றவற்றை எலிகளிடம் சோதித்து ஆய்வாளர்கள் நல்ல முடிவுகளைக் கண்டிருக்கிறார்கள். மனிதர்களிடம் போதிய சான்று இன்னும் கிடைக்கவில்லை.

பயோட்டின் மாத்திரை: உடலில் பயோட்டின் குறைபாடு இருந்தால் முடி கொட்டும். ஆனால் வழக்கமான உணவு உண்பவர்களுக்கு அந்தக் குறைபாடு அரிது. அதிக அளவு பயோட்டின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும் என்று 2017-ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மாரடைப்பைக் கண்டறியும் சோதனையும் அதில் அடங்கும். இந்த மாத்திரையை உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும்.

மினோக்சிடில்: வேரில் வேலை செய்வதாக உறுதிப்பட்ட மருந்து இது. முதலில் இரத்த அழுத்தத்திற்காக உருவாக்கப்பட்டது. அதை உட்கொண்டவர்களுக்கு முடி அதிகம் முளைப்பதைக் கண்ட பிறகு, தலையில் தடவும் மருந்தாக 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முடி நேராக்கப்பட்டதா இல்லையா என்பது இதற்குப் பொருட்டல்ல, ஏனென்றால் இது தோலில் தடவப்படுவது. ஆனால் பரம்பரையாக வரும் முடி மெலிவுக்குத்தான் இது பயன்படும். உடையும் முடிக்கு அல்ல. பலன் தெரியக் குறைந்தது 4 மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாகவே கொட்டலாம். நிறுத்தினால் கிடைத்த பலனும் போய்விடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பயன்படுத்தக் கூடாது. ரீபாண்டிங் செய்யும் நாளில் தடவாமல், 24 மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

மூன்று மாதக் கணக்கு

அப்படியானால் "இந்தத் தைலம் போட்டேன், முடி வளர்ந்தது" என்று பலர் சொல்வது பொய்யா? பொய்யல்ல. ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். பிரசவம், டெங்கி போன்ற கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து உடல் எடையைக் குறைத்தல் ஆகியவற்றுக்குப் பிறகு, ஏறக்குறைய 3 மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். பல மாதங்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே மீண்டும் வளர்ந்துவிடும். கொட்டுகிறதே என்று அஞ்சி இடையில் எதைத் தடவினாலும் பெயர் அதற்குப் போய்ச் சேரும்.

இதில் ஆபத்தும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவையும் முடியைக் கொட்ட வைக்கும். ரீபாண்டிங் மேல் பழி போட்டுத் தைலம் தடவிக்கொண்டே இருந்தால், உண்மையான நோய் கவனிக்கப்படாமல் போகும்.

நோயைக் குணப்படுத்தினால் முடி வளரும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1867-இல் பிறந்த மேடம் சி. ஜே. வாக்கர் என்ற கறுப்பினப் பெண்மணி, முடி வளர்ச்சிக் களிம்பு விற்றே பெரும் செல்வந்தரானார். தலையை அடிக்கடி கழுவி, கந்தகம் கலந்த களிம்பைத் தடவ வேண்டும் என்பது அவருடைய முறை. பொடுகுக்கு இன்றும் பயன்படுகிற பொருள் கந்தகம். தலைத்தோல் நோயால் முடி இழந்தவர்களுக்கு அது பலன் தந்திருந்தால் வியப்பில்லை.

தலைத்தோல் புண்பட்டால்

இரசாயனம் பட்டுத் தோல் வெந்து, ஆழமான தழும்பு ஏற்பட்டால் அங்குள்ள வேர்ப்பைகள் அழிந்துவிடும். அழிந்த இடத்தில் எந்தத் தைலமும் முடியை முளைக்க வைக்காது. எரிச்சல் தெரிந்த உடனே "கொஞ்சம் பொறுங்க" என்ற பேச்சுக்கு இணங்காமல் கழுவச் சொல்ல வேண்டும். நேராக்கிய முடியை இறுக்கிப் பின்னுவதும், கனமான சவுரி வைத்துக் கட்டுவதும் நெற்றியோர முடியை வேரோடு இழக்கச் செய்யும்.

உடல்நலம் குறித்த வேறொரு செய்தியும் உண்டு. அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆய்வின்படி, முடி நேராக்கும் பொருள்களை ஆண்டுக்கு 4 முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காட்டினருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரக்கூடும் என மதிப்பிடப்பட்டது. பயன்படுத்தாதவர்களில் அது 1.64 விழுக்காடு. இது தொடர்பைக் காட்டுகிறதே ஒழிய, அதுவே காரணம் என்று நிரூபிக்கவில்லை. இருந்தாலும் அடிக்கடி செய்வதைத் தவிர்க்க இது ஒன்றே போதும்.

வாங்குமுன் லேபிளைப் பாருங்கள்

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துக்கு 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும், ஒப்பனைப் பொருளுக்கு 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் எண்ணும் தரப்படுகின்றன. ஒப்பனைப் பொருள் முடியைத் தூய்மையாக்கலாம், மினுமினுப்பாக்கலாம். 'முடி வளர்ச்சியைத் தூண்டும்' என்று உரிமை கோருவதை ஆசியான் ஒப்பனைப் பொருள் வழிகாட்டி ஏற்பதில்லை. ஒப்பனைப் பொருளாக அறிவிக்கப்பட்ட போத்தலில் அப்படி எழுதியிருந்தால், விற்பவரை நம்புவதற்கு முன் யோசியுங்கள்.

இனி என்ன செய்யலாம்?

• மறுபடி ரீபாண்டிங் செய்வதானால் புதிதாக முளைத்த பகுதிக்கு மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே நேராக்கிய பகுதியில் மருந்து படக் கூடாது.

• பழைய முடியும் புது முடியும் சேருமிடமே மிக எளிதில் முறியும். ஈர முடியை அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

• குளிக்குமுன் தேங்காய் எண்ணெய், குளித்தபின் கண்டிஷனர் போதும். தினமும் சூடான இரும்பு வேண்டாம்.

• பிளவுபட்ட நுனியை ஒட்டவைக்கும் மருந்து கிடையாது. வெட்டிவிடுவதே வழி.

• குமிழோடு முடி கொத்தாகக் கொட்டினாலோ, வகிடு அகன்றுகொண்டே போனாலோ, வழுக்கைத் திட்டுகள் தெரிந்தாலோ, கடைக்குப் போகாமல் கிளினிக்கிற்குப் போங்கள்.

நேராக்கிய முடி மீண்டும் பழைய வலிமை பெறாது. ஆனால் வேர் நலமாக இருக்கும்வரை, புது முடி மாதந்தோறும் தானாகவே வந்துகொண்டுதான் இருக்கும். அது உடையாமல் காப்பதுதான் நம் கையில் இருக்கிறது. அடுத்த தைலத்தை வாங்குமுன், ஓர் அளவுகோலை எடுத்து வேர்ப்பக்கத்தை அளந்து பாருங்கள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.