முகிலை நீக்கி வளியை அளத்தல்

வளிமண்டலத்தின் வெப்பநிலை உயரத்துக்கேற்ப மாறுபடுவது. அதனை விண்ணிலிருந்தே அறியும் வழியை லூயிசு காப்லன் என்னும் அறிஞர் 1959ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு 15 மைக்கிரோன் அலைநீளத்தை அண்டிய செங்கீழ்க் கதிர்களை உறிஞ்சித் தன் வெப்பநிலைக்கேற்ப மீண்டும் வீசுகின்றது. உறிஞ்சல் மிக்க அலைநீளங்களில் மேற்படைகளின் கதிர்களும், குறைந்தவற்றிற் கீழ்ப்படைகளின் கதிர்களும் செய்மதியை அடைகின்றன. 1969இல் ஏவப்பட்ட நிம்பசு-3 இதனைச் செயலிற் காட்டிற்று.

ஆயினும் ஓர் இடர் உண்டு. புவிப்பரப்பில் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கை எந்நேரமும் முகில் மூடியுள்ளது. செங்கீழ்க் கதிர் தடித்த முகிலை ஊடுருவாது. செய்மதி காண்பது முகிலின் குளிர்ந்த உச்சியையே. முகிலுள்ள இடங்களைத் தள்ளிவிடலாமெனின், புயலும் மழையும் உருவாகும் இடங்கள் அவையே அன்றோ? எனவே முகிலின் பங்கைக் கணித்து நீக்குதல் வேண்டும். வில்லியம் சிமித் 1968இலும், முஸ்தபா சாகீன் 1974இலும் அதற்கு வழி வகுத்தனர்.

அடுத்தடுத்த இரு பரப்புக்களைக் கொள்வோம். நிலமும் வளியும் முகிலின் உயரமும் இரண்டிலும் ஒன்றே. முகில் மூடிய பங்கு மட்டும் வேறு. அப்பங்கு முதலாவதிற் கால், இரண்டாவதில் அரை என்க. தெளிந்த வானின் கதிர்வீச்சு 100 அலகும் முகிலினது 60 அலகும் ஆயின், செய்மதி முறையே 90, 80 என அளக்கும். காற்பங்கு முகில் கூடியதனால் 10 அலகு குறைந்தது. ஆகவே முதலாவதிலுள்ள காற்பங்கும் நீங்கின் 10 அலகு கூடும். 90உடன் 10 சேர 100 பெறப்படும். முகிலின் கதிர்வீச்சு இவ்வளவென அறியாமலே விடை கிடைத்துவிடுகின்றது.

முகிற் பங்குகளின் விகிதத்தை அறிவது எவ்வாறு? பெரும்பாலான முகில்களை ஊடுருவும் நுண்ணலை இதற்குத் துணையாகும். அதனால் வெப்பநிலையை ஓரளவு அறிந்து, சில அலைநீளங்களிலே தெளிந்த வானின் கதிர்வீச்சு எவ்வளவாதல் வேண்டும் எனக் கணிப்பர். அதனை அளந்த பெறுமானங்களோடு ஒப்பிட விகிதம் வெளிப்படும். ஒருமுறை கண்ட விகிதம் ஏனைய அலைநீளங்களுக்கும் பொருந்தும். 2002இல் அக்குவா செய்மதியில் ஏவப்பட்ட எயர்சு என்னும் கருவி 2378 அலைவரிசைகளை உடையது. அதன் ஒன்பது செங்கீழ்ப் பரப்புக்கள் ஒரு நுண்ணலைப் பரப்பினுள் அமைய, அவற்றின் வேறுபாடுகளைக் கொண்டே முகில் நீக்கப்பட்டது.

இம்முறைக்கும் எல்லை உண்டு. முகிற்பங்கு எங்கும் சமமாயின் வேறுபாடு இல்லை, விடையும் இல்லை. வேறுபாடு மிகச் சிறிதாயின், கருவியின் சிறு பிழையும் பன்மடங்கு பெருகும். அத்தகைய அளவீட்டைத் தள்ளிவிடுதலே முறை. பிழைபட்ட வெப்பநிலை எதிர்வுகூறலுட் புகுமாயின், அளவீடு இல்லாமையினும் மிக்க கேடு விளைக்கும் என்பது உணரற்பாலது.