தாடைக்கும் ஒரு தலைக்கவசம்

மகனுக்கு மவுன்டன் பைக் வாங்கிக் கொடுத்த அப்பாக்களுக்குச் சில மாதங்களில் அடுத்த கோரிக்கை வந்து சேரும். "ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் வேணும்ப்பா." விலையைக் கேட்டதும் வருகிற பதிலும் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவதில்லை. "வண்டி ஹெல்மெட்தான் சும்மா கெடக்கே, அதைப் போட்டுக்க!"

அப்பா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. முகத்தையும் சேர்த்து மூடுகிற ஹெல்மெட் மோட்டார் வாகன உலகத்துச் சரக்குதான். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் 'ஸ்டார்' என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. சைக்கிள்காரர்களுக்கு அது வெகுகாலம் தேவைப்படவில்லை. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்ட்டியில் சில இளைஞர்கள் பழைய தடிமனான சைக்கிள்களை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், மண் பாதையில் யார் முதலில் கீழே வருவது என்று போட்டி வைத்தார்கள். 'ரீபேக்' என்று பெயர் பெற்ற அந்தப் பந்தயங்களின் படங்களைப் பார்த்தால் ஜீன்ஸ், கையுறை, பூட்ஸ் எல்லாம் இருக்கும். தலை வெறுமனே இருக்கும். 1990-இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலக மவுன்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்தபோது மலையிறக்கம் ஒரு தனிப் போட்டியாகிவிட்டது. சைக்கிள்களில் சஸ்பென்ஷன் வந்தது, டிஸ்க் பிரேக் வந்தது, வேகம் கூடியது. இன்று சர்வதேச மலையிறக்கப் போட்டிகளில் ஃபுல் ஃபேஸ் இல்லாமல் களத்தில் இறங்கவே முடியாது.

காரணம், இந்த விளையாட்டில் ஆள் விழுகிற விதம். சாலையில் சைக்கிள் பெரும்பாலும் பக்கவாட்டில் சரியும். சரிவான மண் பாதையில் முன்சக்கரம் ஒரு வேரிலோ கல்லிலோ சிக்கினால், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டி முன்னால் பறப்பார். கைப்பிடியைப் பற்றிய கைகள் விடுபடுவதற்குள் முகம் தரைக்கு வந்திருக்கும். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் முகத்தாடை அறுவை மருத்துவர்கள் 1990-களில் தங்களிடம் வந்த சைக்கிள் விபத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாதாரண சைக்கிள்காரர்களிடம் அதிகம் கண்டது பல் சேதம். மலைப்பாதைக்காரர்களிடம் முக எலும்பு முறிவு. உச்சந்தலையை மட்டும் மூடும் ஹெல்மெட் தாடையைக் காப்பாற்றாது.

சரி, அப்படியானால் வண்டி ஹெல்மெட்டே போதாதா? அது பெரிய அடிக்குத் தக்கபடி, கெட்டியான தெர்மகோல் வைத்துச் செய்தது. எடை சாதாரணமாக ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும். சைக்கிளுக்கென்று செய்த ஃபுல் ஃபேஸ் ஒரு கிலோவைச் சுற்றி வரும். இலகு ரகங்கள் 700 கிராம் அளவில்கூட உண்டு. கனடாவின் விஸ்லர் போன்ற பைக் பார்க்குகளில் ரோப் காரில் சைக்கிளோடு மேலே போய் இறங்கி மட்டும் வருகிறார்கள். அங்கே எடையும் சூடும் அவ்வளவாகப் படுத்தாது. நீலகிரியிலோ ஏற்காட்டிலோ ஓட்டுகிறவர் மிதித்துத்தான் ஏற வேண்டும். காற்றுப் போகாத வண்டி ஹெல்மெட்டுக்குள் பத்து நிமிடத்தில் தலை வெந்துவிடும். கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார்கள். இறக்கம் வந்ததும் மறுபடி போடச் சோம்பல் வரும். எனக்கு அதுதான் உண்மையான ஆபத்தாகத் தெரிகிறது.

ஆக, சைக்கிளுக்கென்றே ஒன்று வாங்க வேண்டும். வெளிநாட்டு விலையில் சொன்னால் 100 டாலரை ஒட்டி ஆரம்பித்து, கார்பன் ஃபைபர் ஓடு போட்டது சுமார் 600 டாலர் வரை போகும். பெல் சாங்ஷன், ஃபாக்ஸ் ராம்பேஜ், 7ஐடிபி எம்1 போன்றவை கீழ்த்தட்டிலும் நடுத்தட்டிலும் அடிபடும் பெயர்கள். டிராய் லீ டிசைன்ஸ் டி4 கார்பன் உச்சாணிக் கொம்பு. இங்கே வந்து சேரும்போது சுங்கவரி, கூரியர் என்று விலை இன்னும் ஏறும்.

இந்த ஐந்தாறு மடங்கு வித்தியாசத்துக்கு என்ன கிடைக்கிறது? முதலாவது எடைக் குறைவு. பிளாஸ்டிக் ஓட்டுக்குப் பதில் கார்பன் வந்தால் நூறு, இருநூறு கிராம் மிச்சமாகும். நாள் முழுக்கப் பந்தயம் ஓட்டுகிறவரின் கழுத்துக்கு அது பெரிய விஷயம். அடுத்து காற்றோட்டம், மென்மையான உள்துணி, பெயின்ட். பாதுகாப்பும் அதே மடங்கில் கூடுகிறதா என்றால், இல்லை. அமெரிக்காவில் சைக்கிள் ஹெல்மெட் பாதுகாப்புக்காகவே இயங்கும் பி.எச்.எஸ்.ஐ. என்ற லாப நோக்கற்ற அமைப்பு ஒருமுறை 20 டாலருக்குக் கீழே மூன்று, 150 டாலருக்கு மேலே மூன்று என சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுகளை ஆய்வகத்துக்கு அனுப்பியது. மோதல் சோதனையில் இரண்டு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அவை ஃபுல் ஃபேஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் விலைச்சீட்டைப் பார்த்துப் பாதுகாப்பை அளக்காதே என்கிற பாடம் இங்கும் செல்லும்.

பார்க்க வேண்டிய சீட்டு வேறு. அது ஹெல்மெட்டின் உள்ளே, பஞ்சுக்கு அடியில் ஒட்டியிருக்கும்.

ஐரோப்பாவின் ஈ.என். 1078, அமெரிக்காவின் சி.பி.எஸ்.சி. இரண்டும் எல்லா சைக்கிள் ஹெல்மெட்டுக்கும் பொதுவான தரங்கள். தட்டையான இரும்புப் பரப்பின் மேல் ஹெல்மெட்டைப் போட்டுச் சோதிப்பார்கள். ஐரோப்பாவில் சுமார் ஒன்றரை மீட்டர் உயரம், அமெரிக்காவில் இரண்டு மீட்டர். உள்ளே இருக்கும் பொய்த்தலை உணரும் அதிர்ச்சி ஐரோப்பியக் கணக்கில் 250 ஜி-யையும் (புவியீர்ப்பைப்போல் 250 மடங்கு), அமெரிக்கக் கணக்கில் 300 ஜி-யையும் தாண்டக்கூடாது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்த இரண்டு சோதனைகளிலும், வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கும் தாடைப்பட்டையை யாரும் தொடுவதே இல்லை. எதற்காகக் கூடுதல் காசு கொடுக்கிறோமோ, அந்தப் பாகம் வெறும் அலங்காரமாக இருந்தாலும் ஹெல்மெட் தேறிவிடும்! ஈ.என். 1078-க்கான சி.இ. முத்திரை மட்டும் உள்ள ஃபுல் ஃபேஸை வாங்குகிறவர்கள் பலருக்கு இது தெரியாது.

தாடைப்பட்டையைச் சோதிக்கும் தரம் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1952. மலையிறக்கத்துக்கென்றே எழுதப்பட்டது. பட்டையின் மேல் எடையைப் போட்டு, அது முகத்தை நோக்கி எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பார்கள். சாலையோரக் கல் விளிம்பு, அரைக்கோளம் போன்றவற்றின் மேல் மோதும் வேகமும் சி.பி.எஸ்.சி.யைவிட அதிகம். மேலே சொன்ன கீழ்த்தட்டு விலையிலேயே இந்தத் தரம் பெற்றவை கிடைக்கின்றன. ஆகவே சீட்டில் எஃப் 1952 என்ற எழுத்து இல்லாத ஃபுல் ஃபேஸை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன். தாடைப்பட்டையைத் தனியே கழற்றி மாட்டும் ரகங்களில் இது இன்னும் முக்கியம். ஏறும்போது கழற்றி, இறங்கும்போது மாட்டலாம். நம் வெயிலுக்கு நல்ல யோசனை. பெல் சூப்பர் டி.எச்., ஜிரோ ஸ்விட்ச்பிளேடு போன்றவை எஃப் 1952 தேறியவை. தோற்றத்தில் அதே மாதிரி இருந்து, தேறாதவையும் உண்டு.

மஞ்சள் நிறத்தில் சின்ன வட்டமாக 'மிப்ஸ்' என்று ஒட்டியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஸ்டாக்ஹோமில் 1990-களில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஆய்வாளர் பீட்டர் ஹல்டினும் தொடங்கிய வேலை அது. அடி சாய்வாக விழும்போது மூளை சுழன்று சேதப்படுவதைக் குறைக்க, உள்ளே ஒரு மெல்லிய வழுக்குத் தகடு பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் நகர்ந்து கொடுக்கும். கொஞ்சம் கூடக் கொடுத்தால் கிடைக்கிறதா, வாங்கிக்கொள்ளலாம். மிப்ஸ் இருந்து தலையில் ஆடுகிற ஹெல்மெட்டைவிட, மிப்ஸ் இல்லாமல் கச்சிதமாக உட்கார்ந்த ஹெல்மெட் மேல் என்பது என் கட்சி.

அந்தக் கச்சிதத்தில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். அளவுநாடாவைப் புருவத்துக்கு மேலே ஒரு விரல் தள்ளி வைத்து, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றினால் ஒரு எண் வரும். 57 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பெனிக்கு அது மீடியம், இன்னொன்றுக்கு ஸ்மால். ஆகவே அட்டவணையை அந்தந்த மாடலுக்குப் பார்க்க வேண்டும். அதுவும் சுற்றளவை மட்டுமே சொல்லும். தலையின் வடிவத்தைச் சொல்லாது. மேலிருந்து பார்த்தால் சிலருக்குத் தலை வட்டம், சிலருக்கு முன்பின்னாக நீண்ட முட்டை. நீள்தலைக்காரர் வட்டமான ஹெல்மெட்டைப் போட்டால் நெற்றி நடுவிலும் பின்மண்டையிலும் அழுத்தும். பொட்டுப் பக்கம் விரல் நுழையும். வட்டத்தலைக்காரருக்கு நேர்மாறாக இரண்டு பொட்டும் வலிக்கும், முன்னும் பின்னும் ஆடும். இப்படி வடிவமே ஒத்துவராவிட்டால் பெரிய சைஸுக்குப் போவது தீர்வாகாது. கம்பெனியை மாற்ற வேண்டும். காலுக்கு ஒத்துவராத செருப்பை ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

கடைக்காரர் இந்த இடத்தில் ஒன்று சொல்வார்: "போடப் போடச் சரியாயிடும் சார்." அதில் உண்மையும் கலந்திருக்கிறது. கன்னத்துப் பஞ்சு நாளடைவில் அமுங்கும். முதல் நாள் கன்னம் இரண்டும் உள்ளே தள்ளப்பட்டு, வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டவர் மாதிரி முகம் தெரிந்தால் அது நல்ல அறிகுறி. பேசும்போது கன்னத்தின் உட்புறம் பல்லில் லேசாகக் கடிபட்டாலும் பரவாயில்லை. நெற்றியில் ஒரே இடத்தில் குத்துகிற வலி வேறு சங்கதி. அங்கே அழுத்துவது பெரும்பாலும் தெர்மகோல். அது போடப் போட இளகாது. இரண்டையும் பிரித்தறிய வழி, கடையிலேயே கால் மணி நேரம் போட்டபடி உலாவுவது. கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள். நெற்றி முழுக்கப் பரவலாகச் சிவந்திருந்தால் சரி, காசு அளவுக்கு ஒரு இடம் மட்டும் சிவந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாரை இறுக்கியபின் தாடைப்பட்டையைப் பிடித்து இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். முகத்தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து இழுபட வேண்டும். தோல் நிற்க ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் அது பெரிது. பின்பக்க விளிம்பைப் பிடித்து மேலே, முன்னால் தள்ளும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள். கழன்று வந்தாலோ கண்ணை மறைத்தாலோ வேண்டாம். பிறகு, கூச்சப்படாமல், சைக்கிள் மேல் நிற்கிற மாதிரி முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி, முகத்தைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும்போது அருமையாகப் பொருந்திய ஹெல்மெட், இந்த நிலையில் கழுத்தில் இடித்து முன்பக்கம் இறங்கிக் கண்ணை மூடுவதுண்டு.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு வேலை. ஃபுல் ஃபேஸைக் கண்ணாடியோடு தலையில் இறக்க முடியாது. ஹெல்மெட்டை முதலில் மாட்டி, கண்ணாடியின் காலைப் பஞ்சுக்கு நடுவே செருக வேண்டும். பஞ்சு இறுக்கமாக இருந்தால் கண்ணாடிக் கால் பொட்டில் பதிந்து அரை மணியில் தலைவலி வரும். மண் பாதைக்கு காகிள்ஸ் வேறு வேண்டும். கண்ணாடிக்கு மேல் அணியும் அகலமான காகிள்ஸ், ஹெல்மெட்டின் முகத்திறப்புக்குள் அடங்குகிறதா என்பதை வாங்கியபின் வீட்டில் போய்ப் பார்த்துப் பயனில்லை. கண்ணாடி, காகிள்ஸ் இரண்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள்.

விலை குறைந்த மாடல்களில் உற்பத்தியாளர் எங்கே காசு மிச்சம் பிடிக்கிறார் என்று தெரிந்துகொள்வதும் உதவும். எல்லா சைஸுக்கும் ஒரே அளவில் வெளி ஓடு செய்து, உள்ளே பஞ்சின் தடிமனை மட்டும் மாற்றி ஸ்மால், மீடியம் என்று விற்பது ஒரு வழி. சின்னத் தலைக்காரருக்கு அது பெரிய சட்டியைக் கவிழ்த்தது போலாகும். எடையும் வீணாகக் கூடும். இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், வேறு தடிமனில் கன்னப்பஞ்சு டப்பாவிலேயே வருகிறதா, தனியே கிடைக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தில் இரண்டு ஹெல்மெட் இருந்து, ஒன்றுக்கு மட்டும் மாற்றுப் பஞ்சு கிடைக்கும் என்றால் அதற்கே என் ஓட்டு. வியர்வையும் தேங்காய் எண்ணெயும் ஊறுகிற நம் தலைகளுக்கு, கழற்றித் துவைக்க முடியாத பஞ்சு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பணத்தை மிச்சம் பிடிக்க நல்ல வழி, போன வருட நிறம். புது வண்ணம் வந்ததும் பழைய வண்ணத்தின் விலை இறங்கும். உள்ளே எல்லாம் அதேதான். கெட்ட வழி, பழைய ஹெல்மெட். தெர்மகோல் ஒருமுறை நசுங்கித் தலையைக் காப்பாற்றும். மறுபடி பழைய தடிமனுக்கு வராது. வெளி ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். விற்கிறவர் நல்ல மனிதராகவே இருந்தாலும் அதை அவரால் பார்த்துச் சொல்ல முடியாது.

விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டுக்குப் பதிலாகப் புதிதைக் குறைந்த விலையில் தரும் திட்டம் சில கம்பெனிகளிடம் இருக்கிறது. வாங்கும்போதே அதைக் கேட்டு, பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஒரே வருடத்தில் வெளிறிவிடும்; போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.