கதவு மாற்ற வேண்டாம், கீலைப் பாருங்கள்!



சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று ஐந்து பேர் உள்ள குடும்பம். கொஞ்ச நாள் முன்பு இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, குழாய் வாஷரைத் தானே மாற்றியதைப் பற்றி எழுதியிருந்தார். படித்ததும், நானும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் யாருக்காவது உதவுமே என்று தோன்றியது. உடனே பேனாவை எடுத்துவிட்டேன்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் 'டபுள் கிளேசிங்' ஜன்னல்தான். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, விளிம்பைக் காற்றுப் புகாமல் அடைத்திருப்பார்கள். சட்டம் யூபிவிசி என்கிற பிளாஸ்டிக். குளிரும் தெருச் சத்தமும் அவ்வளவாக உள்ளே வராது. வாசல் கதவும் அதே மாதிரிதான். ஆனால் பூட்டு நம் ஊர்ப் பூட்டு மாதிரி இல்லை. கைப்பிடியை மேலே தூக்கினால் கதவின் ஓரத்தில் மேலே, நடுவே, கீழே என்று பல இடங்களில் கொக்கிகள் வெளியே வந்து நிலையில் மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு சாவியைத் திருப்ப வேண்டும். இவ்வளவையும் இயக்குவது கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற 'கியர்பாக்ஸ்' என்ற சின்னப் பெட்டி.

எங்கள் வாசல் கதவு ஒரு மழைக்காலம் முழுக்க மக்கர் பண்ணியது. கைப்பிடியைத் தூக்குவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு கையாகச் சேர்ந்து தூக்குவார்கள். மாமியாரால் பூட்டவே முடியாது. ஜன்னல் கதவு மாற்றும் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார். "இந்த மாடல் பூட்டு இப்போது வருவதில்லை, கதவையே மாற்ற வேண்டும், ஜன்னல்களையும் சேர்த்து மாற்றினால் தள்ளுபடி" என்றார். மொத்தம் 5,800 பவுண்டு, மாதத் தவணை. இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்று வேறு சொன்னார்.

என் கணவருக்கு இரவு வேலை. நாங்கள் தனியாக இருக்கும் நேரத்தில் கதவு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். நான்தான், "பேப்பரை வைத்துவிட்டுப் போங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறோம்" என்றேன். பெரியவள் காலேஜுக்கு என்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அதைத் தூக்கி ஒரு கதவுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த வாரமே, ஜனவரிக் குளிரில் ஒரு காலை, கதவு திறக்கவில்லை. சாவி திரும்புகிறது, கைப்பிடி தொளதொளவென்று ஆடுகிறது, கொக்கிகள் மட்டும் நிலையை விடவில்லை. பிள்ளைகளுக்கு ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. பின்கட்டுக் கதவு வழியாகப் போனால் நாலு பக்கமும் வேலி. மாமியாருக்கு 78 வயது, முட்டி வலி. அடுப்பில் தீப்பிடித்தால் இவரை எப்படி வெளியே கொண்டுபோவேன் என்று நினைத்ததும் கை நடுங்கிவிட்டது.

மாமியார் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். "ஏம்மா, சாவி ஓட்டையில ரெண்டு சொட்டு விட்டுப் பாரேன்." "வேண்டாம் அத்தை, இந்தக் குளிருக்கு அது உள்ளேயே உறைஞ்சு மெழுகாயிடும்" என்று தடுத்தேன். நம் ஊரில் மார்கழியிலேயே பாட்டிலில் உறைகிற எண்ணெய், இங்கே சும்மா இருக்குமா?

அடுத்த தெருவில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணா இருக்கிறார். முப்பது வருஷமாகப் பூட்டு வேலை. போன் செய்ததும் வந்தார். வெளியிலிருந்து முக்கால் மணி நேரம் போராடித் திறந்தார். கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, கதவுக்கு ஒண்டும் இல்லை. உள்ளுக்குள்ள இருக்கிற கியர்பாக்ஸ்தான் பழுது. அதை மட்டும் மாத்தினால் சரி" என்றார். பூட்டின் தகட்டிலேயே செய்தவர் பெயரும் எண்ணும் பொறித்திருந்தது. அதை வைத்துக் கடையில் கேட்டு மத்தியானத்துக்குள் அதே அளவில் வாங்கி வந்துவிட்டார். சாமானுக்கு 45 பவுண்டு. கூலியாக அதற்குக் கொஞ்சம் மேலே கொடுத்தோம். 5,800 எங்கே, இது எங்கே!

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் முக்கியம். "பெட்டி உடைஞ்சது வருத்தம் இல்லை, அது முடிவு. வருத்தம் கீலில இருக்கு" என்றார். வருஷக்கணக்கில் கதவின் கனம் இழுத்து, கீல் பக்கம் சற்றே இறங்கிவிட்டது. கொக்கிகள் நிலையில் இருக்கும் துளைக்கு நேராக வராமல் இடித்தன. நாம் பலம் போட்டுத் தூக்கத் தூக்க, பெட்டிக்குள் உள்ள பற்கள் தேய்ந்து உடைந்தன. கீலைச் சரிசெய்யாமல் புதுப் பெட்டி மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரம் உடையும். ஆலன் சாவியைக் கீலில் விட்டுச் சிறிது சிறிதாகத் திருப்பி, கதவை மேலேயும் பக்கவாட்டிலும் நகர்த்தினார். அதன் பிறகு மாமியார் ஒரே விரலால் கைப்பிடியைத் தூக்கினார்!

அன்று பக்கத்திலேயே நின்று பார்த்து, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்குங்கள். திறந்திருக்கும்போது லேசாகவும், மூடினால் கடினமாகவும் இருந்தால் கதவு நகர்ந்திருக்கிறது. கீலைச் சரிசெய்தால் போதும். திறந்திருக்கும்போதே கடினமாக இருந்தால் கியர்பாக்ஸ் போகப்போகிறது. கதவு மூடிய நிலையில் அது உடைவதற்குள் ஆளைக் கூப்பிடுங்கள். காலையில் சரியாக மூடி, வெயில் ஏறியதும் இடித்தால் பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் வெயிலில் விரியும். அடர்ந்த நிறக் கதவில் இது அதிகம்.

சாவி திரும்பாவிட்டால்: பெரும்பாலும் சாவி நுழையும் 'சிலிண்டர்' தேய்ந்திருக்கும். இதை நாமே மாற்றலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். கதவின் ஓரத் தகட்டில், சிலிண்டருக்கு நேராக ஒரு நீளத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றி, சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் கையோடு வந்துவிடும். நடுத் துளையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒரு பக்கம் 35 மில்லிமீட்டர், மறுபக்கம் 45 என்று வித்தியாசமாக இருக்கலாம். புதியது கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் திருடன் இடுக்கியால் பிடித்து ஒடித்துவிடுவான். இங்கே அப்படித்தான் நிறையத் திருட்டு நடக்கிறது. அதனால் டிஎஸ் 007 என்ற தர முத்திரையும் மூன்று நட்சத்திரமும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். உட்புறம் சாவிக்குப் பதில் திருகு குமிழ் உள்ள வகையும் கிடைக்கிறது. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு அதுவே நல்லது. புகை நடுவே சாவி தேட வேண்டியதில்லை. ஆனால் பக்கத்திலேயே கண்ணாடி இருந்தால், அதை உடைத்துக் கையை விட முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் கைப்பிடி உடைந்தால்: கைப்பிடியைத் திருப்பினாலோ, சின்ன பிளாஸ்டிக் மூடியை நெம்பினாலோ திருகாணிகள் தெரியும். இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் 43 மில்லிமீட்டர் இருக்கும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பி 7 மில்லிமீட்டர் தடிமன். அதன் நீளம்தான் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். அதை அளந்துகொள்ளுங்கள். வளைந்த கைப்பிடி என்றால் இடது, வலது பார்த்து வாங்க வேண்டும். ஒரு திருப்புளி போதும், பத்து நிமிட வேலை.

ஜன்னல் இறுக்கமாக மூடாமல் காற்று வந்தால்: பழுது அனேகமாகக் கீலில்தான். இந்த ஜன்னல்களில் மடங்கும் கை போன்ற கீல் இருக்கும். முதலில் பழைய பிரஷ்ஷால் தூசியைத் துடையுங்கள். பிறகு சறுக்கும் கட்டையில் உள்ள சின்னப் பித்தளைத் திருகாணியைக் கொஞ்சம் இறுக்குங்கள். மடங்கும் மூட்டுகளில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். கட்டை சறுக்கும் தடத்தில் விட்டால் பிடிப்பு போய், காற்றுக்கு ஜன்னல் தானாக அடித்துக்கொள்ளும். சாவித் துளைக்குள் எண்ணெயே வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பிசின் ஆக்கிவிடும். கடையில் கிராஃபைட் பொடி கிடைக்கும், அதைப் போடலாம்.

கீலே தேய்ந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். நீளத்தையும், மடக்கிய நிலையில் அதன் தடிமனையும் (13 அல்லது 17 மில்லிமீட்டர்) பார்த்து வாங்குங்கள். ஆனால் கீலைக் கழற்றினால் ஜன்னல் முழுசாகக் கையில் வந்துவிடும், இரட்டைக் கண்ணாடி நல்ல கனம். மாடி ஜன்னலில் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி மங்கினால்: அறைப் பக்கம் வியர்த்தால் அது கோளாறு இல்லை. நம் சாம்பார், ரசம், இட்லிக் குக்கர் ஆவிதான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே மங்கினால் விளிம்பு அடைப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போதும் சட்டத்தை மாற்ற வேண்டாம். கண்ணாடியை மட்டும் மாற்றித் தருவார்கள். கதவிலும், தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள ஜன்னலிலும் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும். அதன் மூலையில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டுக் கைப்பிடி உடைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இதுவரை ஐந்து வீடு பார்த்தாகிவிட்டது. ஒரு வீட்டில் ஆஸ்துமாக் குழந்தை. படுக்கையறை ஜன்னல் மூடாமல் ராத்திரி முழுக்கக் குளிர் காற்று. வாடகை வீடு என்பதால் அந்தப் பெண் வாய் திறக்கப் பயந்தாள். இங்கிலாந்தில் 1985-ம் வருஷச் சட்டப்படி சாதாரண வாடகை வீட்டின் வெளிப்புறக் கதவு, ஜன்னலைச் சீராக வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. இருவரும் உட்கார்ந்து தேதி போட்டுக் கடிதம் எழுதினோம், போட்டோவும் வைத்தோம். மூன்றாம் வாரம் ஆள் வந்து கீலை மாற்றிவிட்டுப் போனார். வாயால் சொல்வதைவிட எழுத்தில் சொல்வது நல்லது, ஞாபகம் வையுங்கள்.

விற்க வருகிறவர்களிடமும் எச்சரிக்கை. வீட்டுக்கே வந்து செய்யும் ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்ய இங்கே பொதுவாக உரிமை உண்டு. ஆனால் நமக்கென்று அளவெடுத்துச் செய்யும் பொருளுக்கு அந்த உரிமை பொருந்தாது. கதவும் ஜன்னலும் அந்த வகைதான். அதனால் கையெழுத்துப் போடும் முன்பே யோசிக்க வேண்டும். "எந்தப் பாகம் பழுது, அது தனியாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டோம்.

ஊரில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இது உதவும். சென்னை, கோவை அடுக்குமாடி வீடுகளிலும் இப்போது யூபிவிசி ஜன்னல் நிறைய வந்துவிட்டது. தள்ளும் ஜன்னல் என்றால் அடியில் உள்ள சக்கரத்தையும் தடத்தில் சேரும் மண்ணையும் முதலில் பாருங்கள். திறக்கும் ஜன்னல் என்றால் நான் மேலே சொன்ன கீல்தான்.

கடைசியாக, எல்லோருக்கும் பொதுவான ஒரு வேலை. வாரம் ஒரு நாள், வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கதவையும், மாடி படுக்கையறை ஜன்னலையும் திறந்து மூடிப் பாருங்கள். ஜன்னல் சாவி எங்கே தொங்குகிறது என்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் காட்டிவையுங்கள். அது வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். கதவு கடினமாக இருந்தால் பலம் போடாதீர்கள். அன்றைக்கே கீலைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஈஸ்ட் ஹாம் வாசகி,
லண்டன்.