காரும் செய்தார்கள், லாரியும் செய்தார்கள்

கடை வாசலில் லாரி வந்து நின்றால் நாம் எதைப் பார்க்கிறோம்? மூட்டைக் கணக்கு சரியாக இருக்கிறதா, தார்ப்பாய் கிழிந்து சர்க்கரை நனைந்திருக்கிறதா, ரசீதில் வாடகை எவ்வளவு போட்டிருக்கிறார்கள், இவ்வளவுதான். வண்டியின் முகப்பில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பவர் நம்மில் நூற்றுக்கு இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

ஆனால் அந்த முகப்புப் பெயர்களுக்குப் பின்னால் வியாபாரிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. கார் செய்து பெயர் வாங்கிய கம்பெனிகள் பல, ஆரம்ப காலத்தில் லாரியும் செய்தன. சில கம்பெனிகள் அதில் நிலைத்தன. பல கம்பெனிகள் சில வருடங்களில் கையை உதறிக்கொண்டு போயின. அந்த வண்டிகளில் ஒன்றைக் கண்ணால் பார்ப்பதே இன்று அபூர்வம். நிலைத்தவர் ஏன் நிலைத்தார், போனவர் ஏன் போனார் என்பதில் நமக்கும் பாடம் உண்டு.

முதல் லாரிக்கு உள்ளூரில் கிராக்கி இல்லை

ஜெர்மனியில் கார் செய்துகொண்டிருந்த காட்லீப் டெய்ம்லர், 1896-ல் முதல் மோட்டார் லாரியைச் செய்தார். இரண்டு சிலிண்டர், நான்கு குதிரை சக்தி, ஏற்றக்கூடிய பாரம் 1,500 கிலோ. நம் கணக்கில் பதினைந்து குவிண்டால். குதிரை வண்டிக்குப் பழகிய உள்ளூர் வியாபாரிகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வண்டி கடல் கடந்து லண்டனுக்குத்தான் விலை போயிற்று.

டெய்ம்லர் அத்தோடு விட்டுவிடவில்லை. அடுத்து செய்த வண்டியை ஹைடன்ஹைம் என்ற ஊரில் ஒரு செங்கல் சூளையில் கொண்டுபோய் விட்டார். மாதக்கணக்கில் தினமும் செங்கல் பாரம் ஏற்றி ஓட்டி, எது உடைகிறது, எது தேய்கிறது என்று பார்த்துத் திருத்தினார். பந்திக்குப் போகும் பண்டத்தைச் சமையல்காரர் முதலில் ருசி பார்ப்பது போல. அவர் வழி வந்த மெர்சிடிஸ்-பென்ஸ்தான் 1954-ல் டாடாவோடு சேர்ந்து நம் நாட்டில் லாரி செய்ய வந்தது.

அமெரிக்காவில் எல்லோரும் இறங்கினார்கள்

அமெரிக்காவில் கார் கம்பெனிகளுக்கு லாரி சுலபமான வேலையாகத் தோன்றியது. என்ஜின் கையில் இருக்கிறது, சேஸிஸ் இருக்கிறது, விற்பதற்கு ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். பின் சீட்டை எடுத்துவிட்டுப் பெட்டி வைத்தால் சரக்கு வண்டி ஆயிற்று. காடிலாக் கம்பெனியே ஆரம்பத்தில் ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் டெலிவரி வண்டி விற்றது. பியூக் 1910-ல் இரண்டு சிலிண்டர் லாரி செய்தது. ஓல்ட்ஸ்மொபைல் 1919-ல் 'எகானமி டிரக்' என்று ஒரு டன் வண்டி கொண்டுவந்து, சில வருடங்களில் விட்டுவிட்டது.

பணக்காரர்களுக்குக் கார் செய்த கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. பியர்ஸ்-ஆரோ 1911-ல் ஐந்து டன் லாரி செய்தது. மற்ற லாரிகளில் சக்கரத்தைச் சங்கிலி இழுத்துக் கடகடவென்று சத்தம் போட்ட காலத்தில், இதில் மூடிய பெட்டிக்குள் 'வோர்ம் கியர்' வைத்தார்கள். முதல் உலக யுத்தத்தில் இந்த லாரிகள் நேச நாட்டுப் படைகளுக்குப் போயின. பாக்கார்டு 1905 முதல் லாரி செய்தது. 1911-ல் அதன் மூன்று டன் லாரி ஒன்று, ரோடே சரியாக இல்லாத தேசத்தில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 46 நாளில் போய்ச் சேர்ந்தது. 'வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்' என்பதுதான் பாக்கார்டின் விளம்பர வாசகம். மளிகைக் கடைக்கும் இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

ஃபோர்டு செய்தது என்ன?

ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' கார் மலிவாகக் கிடைத்ததும் விவசாயிகளும் கடைக்காரர்களும் அதில் மூட்டை ஏற்ற ஆரம்பித்தார்கள். அந்தக் காரின் பின்பக்கத்தை நீட்டி ஒரு டன் லாரியாக மாற்றும் சாமான்களை வெளிக் கம்பெனிகள் செட்டாக விற்றுப் பணம் பார்த்தன. வாடிக்கையாளர் நம் சரக்கை என்ன செய்கிறார் என்று கவனித்தால், அவருக்கு வேண்டியது என்ன என்று தானே தெரிந்துவிடும். ஃபோர்டு கவனித்தார்.

1917-ல் 'மாடல் டிடி' வந்தது. என்ஜின் அதே கார் என்ஜின்தான். ஆனால் சட்டம் கனமானது, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே இரண்டடி நீளம் அதிகம், பின் அச்சு பாரத்துக்கு ஏற்றபடி புதியது. சேஸிஸ் விலை 600 டாலர். மேல்கட்டு வாங்குபவர் பொறுப்பு. நம் ஊரில் சேஸிஸ் வாங்கி, பட்டறையில் விட்டுப் பாடி கட்டுகிறோமே, அதே முறை. பால்காரர் ஒரு விதமாகவும், நிலக்கரிக்காரர் ஒரு விதமாகவும் கட்டிக்கொண்டார்கள்.

குறைகளும் இருந்தன. வேகம் மாட்டு வண்டிக்கு மேல், காருக்கு வெகு கீழ். பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது, எண்ணெய் தானாக இறங்கி என்ஜினுக்குப் போக வேண்டும். செங்குத்தான மேட்டில் டாங்க் கீழேயும் என்ஜின் மேலேயும் ஆகிவிட்டால் பெட்ரோல் போகாது. டிரைவர் வண்டியைத் திருப்பி, ரிவர்ஸிலேயே மேடு ஏறுவார்! இருந்தும் ஜனங்கள் வாங்கினார்கள். விலை கட்டுப்படியானது, உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைத்தது.

செவ்ரலே 1918-ல் இரண்டு வண்டிகளோடு வந்தது. கார் சேஸிஸில் செய்த சிறிய வண்டி 595 டாலர், ஒரு டன் லாரி 1,125 டாலர். டாட்ஜ் சகோதரர்கள் பக்கவாட்டில் கம்பி வலை அடித்த அரை டன் டெலிவரி வண்டியைக் கொண்டுவந்தார்கள்.

ஒரே மனிதர், இரண்டு கம்பெனி

ஓல்ட்ஸ்மொபைலைத் தொடங்கிய ரான்சம் ஓல்ட்ஸ், 1904-ல் அங்கிருந்து விலகித் தன் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து 'ரியோ' என்ற கம்பெனி தொடங்கினார். 1915-ல் ரியோ 'ஸ்பீடு வேகன்' வந்தது. முக்கால் டன்தான் ஏற்றும். ஆனால் கட்டி ரப்பர் சக்கரத்தில் லாரிகள் ஊர்ந்த காலத்தில், இதற்குக் காற்றடைத்த டயர், மின்சார விளக்கு, மின்சார ஸ்டார்ட்டர். வேகமாகப் பட்டுவாடா செய்ய வேண்டிய கடைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

யுத்தம் 1918-ல் முடிந்ததும் படைகளில் மிஞ்சிய லாரிகள் சந்தைக்கு வந்தன. 1920, 1921-ல் வியாபார மந்தமும் சேர்ந்துகொண்டது. அப்போதுதான் யாருக்கு எது தொழில் என்று தெரிய வந்தது. பாக்கார்டு 1923-ல் லாரியை விட்டுவிட்டுக் காரோடு நின்றது. தையல் மெஷினில் தொடங்கிக் காருக்கு வந்த 'ஒயிட்' கம்பெனி, 1918-லேயே காரை நிறுத்திவிட்டு லாரியே போதும் என்றது. ரியோவும் 1936-ல் காரை நிறுத்தி லாரியைத் தொடர்ந்தது.

இதில் யார் செய்தது சரி? பியர்ஸ்-ஆரோ 1938-ல் மூடப்பட்டது. பாக்கார்டு கார் 1958 வரை வந்தது. ரியோ பெயர் 1970-கள் வரையிலும், ஒயிட் 1980 வரையிலும் தாக்குப்பிடித்தன. எந்தப் பக்கம் போனார்கள் என்பதைவிட, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்காமல் ஒரு முடிவுக்கு வந்ததுதான் அவர்களுக்கு ஆயுள் கொடுத்தது என்பது நம் கருத்து.

எங்கள் லாரிக் கதை

இதை எழுதும்போது எங்கள் சொந்தக் கதையும் நினைவுக்கு வருகிறது. தகப்பனார் இருந்தபோது, 1988-ல், 'வாடகையை ஏன் வெளியில் கொடுக்க வேண்டும்' என்று பழைய லாரி ஒன்று வாங்கினோம். மண்டிக்குச் சரக்கு எடுத்து வர வண்டி தயார். ஆனால் போகும்போது ஏற்ற லோடு? அதைத் தேட ஆள் வேண்டும், புக்கிங் ஆபீஸில் பழக்கம் வேண்டும். நாங்கள் மண்டிக் கல்லாவில் உட்கார்ந்திருந்தோம், லாரி வெறுமனே நின்றது. தவணை மட்டும் நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் நஷ்டத்துக்கு விற்றோம். சரக்கு நம்முடையது என்பதால் லாரித் தொழிலும் நம்முடையது என்று நினைத்தது எங்கள் தவறு.

நம் ரோட்டில் ஓடிய பெயர்கள்

செவ்ரலே, ஃபோர்டு லாரிகள் நம் பெரியவர்களுக்குப் பழக்கமானவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் செவ்ரலே வண்டிகளைக் கோக்க ஆரம்பித்தது. இரண்டு கம்பெனிகளும் 1950-களின் முற்பகுதியில் கடையைக் கட்டின. டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைப் பம்பாய் பிரீமியர் கம்பெனி தந்தது. நம் சென்னையில் ஆஸ்டின் கார் கோப்பதற்காக 1948-ல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, காரை விட்டு லாரி, பஸ் பக்கம் வந்தது. பலன் நம் கண் முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டும் 2018-ல் சாதாரண கார்களை அங்கே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு, பிக்கப் வண்டிகளையே பெரிதும் நம்பி நடக்கிறது.

அந்தப் பழைய லாரிகள் ஏன் மிஞ்சவில்லை? காரை ஷெட்டில் வைத்துத் துணி போட்டு மூடுவார்கள். லாரியை உயிர் போகும் வரை உழைக்க வைப்போம். மரக் கட்டு மக்கிப்போகும், இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும். இரண்டாம் உலக யுத்தத்தின் பழைய இரும்புச் சேகரிப்பிலும் ஏராளமான வண்டிகள் உருகிப்போயின.

நம்மில் பலர் மளிகையோடு இன்னொரு வியாபாரம் சேர்க்க யோசிக்கிறோம். சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம். அதை வாங்குபவர் நம் பழைய வாடிக்கையாளர்தானா, வேறு ஆளா? டெய்ம்லர் செங்கல் சூளையில் பார்த்தது போல நாம் சிறிய அளவில் பரீட்சித்துப் பார்த்தோமா? கல்லாவை விட்டு எழுந்து அதைக் கவனிக்க நம்மிடம் ஆள் உண்டா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு முதல் போடலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பணத்துக்குக் கூடுதலாக நான்கு மூட்டை துவரம்பருப்பு வாங்கி அடுக்குவோம்.