அமீபா கடைசியில்தான் வரும்

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு திருவண்ணாமலை அய்யங்குளத்தில் மூன்று இரவு தெப்பல் நடக்கும். சந்திரசேகரர், பராசக்தி, சுப்பிரமணியர் என்று நாளுக்கு ஒருவராக வலம் வருவார்கள். அப்போது வடகிழக்குப் பருவமழை குளத்தை நிரப்பியிருக்கும். வெயில் ஏறி நீர் வற்றத் தொடங்கினால் இந்த ஊர்க் குளங்களும் மற்ற ஊர்க் குளங்களைப் போலப் பச்சை கட்டும். ‘பாசி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் அதற்குள் தனித்தனிக் குணமுள்ள பல குடிகள்.

பள்ளிப் புத்தகத்தில் அமீபா, யூக்ளினா, பாரமீசியம் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுப் படங்களாக அச்சாகியிருக்கும். பெரும்பாலும் அமீபாவுக்கே முதலிடம். கண்ணில் படும் வரிசை வேறு. முதலில் சிக்குவது பாரமீசியம். குளத்து நீரில் ஒரு பிடி வைக்கோலைப் போட்டுச் சில நாள் ஊறவிட்டால் பாக்டீரியா பெருகும். அதைத் தின்னப் பாரமீசியமும் பெருகும். நீளம் 0.2 முதல் 0.3 மி.மீ. உடம்பு முழுக்கக் குறு இழைகள். அவை துடுப்புப் போட, உருண்டு உருண்டு ஒரு நொடியில் ஒரு மில்லிமீட்டர் தூரம் ஓடிவிடும். பார்க்கிறவர் அதைத் துரத்தியே களைத்துப்போவார். கொஞ்சம் பஞ்சு இழையைப் போட்டு வழி மறித்தால்தான் நிற்கும். நின்றதும் இரு முனைகளிலும் சுருங்கு குமிழிகள் விரிந்து சுருங்குவதைப் பார்க்கலாம். நன்னீர் ஓயாமல் உள்ளே கசிகிறது. அதை இறைத்துக் கொட்டாவிட்டால் செல் வெடித்துப்போகும்.

யூக்ளினா இதைவிட மிகச் சிறியது, சுமார் 0.05 மி.மீ. பசுங்கணிகம் இருப்பதால் வெயிலில் தானே உணவு தயாரித்துக்கொள்ளும். இருட்டில் கரைந்த சத்தை உறிஞ்சியும் காலம் தள்ளும். செடியா, விலங்கா என்று அறிஞர்கள் சண்டையிட்டதற்குக் காரணமான உயிர்களில் இதுவும் ஒன்று. 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் இரண்டிலும் சேராதவற்றுக்கு ‘புரோட்டிஸ்டா’ என்று தனி உலகமே ஒதுக்கினார். குளத்து நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தால், வெளிச்சம் விழும் பக்கம் பச்சை ஒதுங்கும். சிவப்புக் கண்புள்ளியின் துணையோடு திசை அறிந்து கசையிழையால் நீந்தி வந்த கூட்டம் அது. இதன் உறவான யூக்ளினா சாங்குவினியா கடும் வெயிலில் சிவப்பு நிறமியைச் செல் முழுக்கப் பரப்பிக்கொள்ளும். காலையில் பச்சையாயிருந்த குளம் உச்சி வெயிலில் செம்மையாகும். இதில் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை.

பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோல் மிதக்கும் பச்சை மட்டும் வேறு சாதி. பெரும்பாலும் அது மைக்ரோசிஸ்டிஸ். உட்கருவே இல்லாத நீலப்பச்சை பாக்டீரியா. அதன் சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். அப்படிப்பட்ட நீரில் மாட்டை இறக்காமலிருப்பது நல்லது.

ஆகாயத்தாமரை வேரைக் கிள்ளிப் பார்த்தால் வோர்ட்டிசெல்லா: காம்பில் நிற்கும் மணி. தட்டினால் நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது, காம்பு சுருண்டுவிடும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இது நிறைய தென்பட்டால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அமீபா கடைசியில்தான். அடிச் சேற்றிலும் அழுகும் இலையின் அடிப்புறத்திலும் அசையாததுபோல் கிடக்கும். மேல்நீரை மொண்டு வந்து அதைத் தேடினால் கிடைப்பது அரிது. அமீபா புரோட்டியஸ் அரை மி.மீ. வரை வளரும், அதன் நீளத்துக்குப் பத்து யூக்ளினாவை வரிசையாக நிறுத்தலாம். பாரமீசியம் ஒரு நொடியில் கடக்கும் தூரத்தைக் கடக்க இதற்குச் சில நிமிடமாகும். ஆனாலும் போலிக்காலை நீட்டி வளைத்துப் பிடித்து, அந்தப் பாரமீசியத்தையே விழுங்குவதும் உண்டு.

2024இல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலுக்குப் பிள்ளைகள் பலியான பிறகு, அமீபா என்றாலே பயம் வந்துவிட்டது. அதற்குப் பெரிதும் காரணமாகச் சொல்லப்படும் நெக்ளேரியா ஃபௌலரி வேறு இனம். 0.01 முதல் 0.02 மி.மீ. அளவுதான், வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குடிப்பதால் இந்த நோய் வராது; முங்கும்போதும் குதிக்கும்போதும் மூக்கின் உள்ளே நீர் ஏறினால்தான் அது மூளையை எட்டும். தொற்று அபூர்வம், ஆனால் தொற்றியவர்களில் பிழைப்பவர்கள் மிகச் சிலரே. கோடையில் தேங்கி, கலங்கி, சூடேறிக் கிடக்கும் குளத்தில் பிள்ளைகளைக் குதிக்க விடாமலிருக்க இந்த ஒரு காரணம் போதும்.

ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014இல் அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கி ‘ஃபோல்ட்ஸ்கோப்’ சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். பாரமீசியம், வோர்ட்டிசெல்லா, பொறுமை இருந்தால் அமீபா புரோட்டியஸ் வரை அதில் பார்த்துவிடலாம். நெக்ளேரியா அதில் ஒரு புள்ளிதான். தீங்கில்லாத நூறு குட்டி அமீபாக்களிலிருந்து அதைக் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கு மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகம் வேண்டும்.