எண்ணமும் செயலும்



என் மேசை இழுப்பறையில் பழைய கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதன் முதற்பக்கத்தில், ‘எங்கள் ஊர் நடவுப் பாடல்கள்’ என்று அழகிய எழுத்துகளில் தலைப்பு எழுதியிருக்கிறேன். அடுத்த மூன்று பக்கங்கள் முன்னுரை. அதனை அடுத்து, எந்தப் பாடலை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதற்கு ஒரு பட்டியல். அதன் பின் ஒன்றரைப் பாடல். எஞ்சிய தாள்கள் யாவும் வெற்றுத் தாள்கள்.

என் தந்தையைப் பெற்ற பாட்டியை நாங்கள் அப்பாயி என்று அழைப்போம். இளமையில் நடவுக்குச் சென்றவர். நாற்றுப் பறிக்கும்போது ஒரு பாட்டு, நடும்போது ஒரு பாட்டு, வெயில் ஏறியபின் ஒரு பாட்டு என்று எத்தனையோ பாடல்களை நெஞ்சில் வைத்திருந்தார். அவற்றையெல்லாம் எழுதிவிடவேண்டும் என்னும் எண்ணம், நான் கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது எனக்குத் தோன்றிற்று. நண்பர்களிடம் சொன்னேன், பாராட்டினார்கள். ஆசிரியரிடம் சொன்னேன், முதுகில் தட்டிக்கொடுத்தார். ஒரு விடுமுறை போயிற்று. அடுத்த விடுமுறையில் நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்றிருந்தேன். மூன்றாம் ஆண்டுத் தேர்வு நெருங்கிய வேளையில் அப்பாயி காலமானார். நான் எழுதிவைத்திருந்தது ஒன்றரைப் பாடல்தான். மற்றவை அவரோடு போயின.

அந்த இழப்பை இன்று உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் சோம்பேறியாக இருக்கவில்லை. மூன்று பக்க முன்னுரை எழுதியவனைச் சோம்பேறி என்று யார் சொல்வார்? என் எண்ணமும் தவறானது அன்று. பின் எது இல்லாமற் போயிற்று? எண்ணத்தைச் செயலாக்கும் திறன் இல்லாமற் போயிற்று. அத்திறன் எத்தன்மையது, அதனை எவ்வாறு வளர்த்துக்கொள்வது என்பவையே இன்றைய பேச்சின் பொருள்.

இதற்கு வள்ளுவர் வைத்த பெயர் வினைத்திட்பம். திருக்குறளின் 67-ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. அதன் முன்னே 66-ஆம் அதிகாரம் வினைத்தூய்மை. பின்னே 68-ஆம் அதிகாரம் வினைசெயல்வகை. இந்த வரிசையை எண்ணிப் பாருங்கள். முதலில், எடுத்த செயல் நல்லதுதானா என்னும் ஆராய்ச்சி. அடுத்து, செய்தே தீரவேண்டும் என்னும் மன உறுதி. அதனோடு நிற்கவில்லை, எப்படிச் செய்வது என்னும் முறைக்கும் தனியே ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது. உறுதி மட்டும் இருந்து முறை இல்லையேல் எண்ணம் முன்னுரையோடு நின்றுவிடும். இதனை விளக்க, மருத்துவ வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன்.

1928-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இலண்டனில் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர், தாம் கிருமிகளை வளர்த்திருந்த கண்ணாடித் தட்டு ஒன்றில் பூசணம் பூத்திருப்பதைக் கண்டார். அப்பூசணத்தைச் சுற்றிலும் கிருமிகள் அழிந்திருந்தன. பூசணத்திலிருந்து ஊறிய பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டு, 1929-இல் கட்டுரை ஒன்றும் வெளியிட்டார். ஆனால் அப்பொருளைப் பிரித்தெடுக்க முயன்றபோது அது எளிதில் சிதைந்துபோயிற்று. அரியதொரு கண்டுபிடிப்பு, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் மருந்தாக உருப்பெறாமல் ஏடுகளில் கிடந்தது.

1939-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் ஹோவர்டு புளோரி, எர்னஸ்ட் செயின் ஆகிய இருவரும் இவ்வாராய்ச்சியைக் கையில் எடுத்தனர். அவர்களோடு பணியாற்றியவர்களுள் நார்மன் ஹீட்லி என்னும் உயிர்வேதியியலார் ஒருவர் இருந்தார். வயது முப்பது நிரம்பாதவர், கைவேலையில் வல்லவர். இரண்டாம் உலகப் போர் மூண்ட காலம். பொருள்களுக்கு எங்கும் தட்டுப்பாடு. ‘தக்க கருவிகள் வரட்டும், பிறகு தொடங்கலாம்’ என்று அவர் இருந்திருந்தால் குறைகூறுவார் எவரும் இல்லை. ஆனால் அவர் அப்படி இருக்கவில்லை.

முதற்சிக்கல், பூசணம் வளர்ந்த சாற்றிலிருந்து பெனிசிலினைச் சிதையாமல் பிரிப்பது. சாற்றைக் குளிரவைத்து அமிலமாக்கினால் பெனிசிலின் ஈதர் போன்ற கரைப்பானுக்குள் சென்றுவிடும். ஆனால் அங்கிருந்து அதனை மீட்கும் வழி தெரியவில்லை. கரைப்பானைச் சிறிது காரத்தன்மை உடைய நீரோடு சேர்த்தால் பெனிசிலின் மீண்டும் நீருக்கே வந்துவிடும் என்று ஹீட்லி கருதினார், செய்து பார்த்தார், வந்தது. எளிய வழிதான். ஆயினும் செய்து பார்த்தபின்பே அது எளிய வழி என்று தெரிந்தது.

1940 மே 25-ஆம் நாள், கொடிய கிருமிகள் ஊசி வழியே செலுத்தப்பெற்ற எட்டுச் சுண்டெலிகளுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். ஹீட்லி அன்றிரவு ஆராய்ச்சிக் கூடத்திலேயே காத்திருந்தார். பொழுது விடிவதற்குள், மருந்து பெறாத நான்கும் மாண்டன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன.

சுண்டெலிக்குப் போதுமான மருந்து மனிதனுக்குப் போதுமா? மனிதன் அதனைவிட ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு எடை உடையவன் அல்லவா? பூசணமோ ஆழமற்ற நீர்மத்தின் மேற்பரப்பிலேதான் வளரும். ஆதலின் தட்டையான பாத்திரங்கள் ஏராளமாக வேண்டும். ஹீட்லி கைக்குக் கிட்டியதையெல்லாம் பயன்படுத்திப் பார்த்தார். பிஸ்கட் டப்பாக்கள் வந்தன. மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் படுக்கையில் வைக்கும் மலத்தட்டுகளும் வந்தன. அம்மலத்தட்டுகளே மிகப் பொருத்தமாக அமைந்தன! அவற்றை ஒட்டி அவரே பீங்கான் பாத்திரம் ஒன்றுக்கு வரைபடம் தயாரித்தார். மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஸ்டாபோர்டுஷயர் வட்டாரத்தில் செய்வித்து, 1940-ஆம் ஆண்டின் இறுதியில் தாமே வண்டியில் ஏற்றிவந்தார். பிரித்தெடுக்கும் பொறிக்கும் நூல்நிலையம் கழித்துவிட்ட புத்தக அலமாரியே சட்டமாயிற்று.

1941 பிப்ரவரியில், கடும் கிருமித் தொற்றினால் சாகும் நிலையில் இருந்த போலீஸ்காரர் ஒருவருக்கு அம்மருந்தைக் கொடுத்தனர். ஓரிரு நாளில் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவு கொள்ளத் தொடங்கினார். ஐந்தாம் நாள் மருந்து தீரும் நிலை வந்தது. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தை மீட்டெடுத்துத் திரும்பக் கொடுத்தார்கள். போதவில்லை. நோய் மீண்டது, மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார். மருந்து பலிக்காமல் அவர் இறக்கவில்லை; மருந்தின் அளவு பற்றாமல் இறந்தார். எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே உள்ள தூரம் எத்தகையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? அவ்வாண்டே புளோரியும் ஹீட்லியும் அமெரிக்கா சென்றனர். அங்கே பேரளவில் உற்பத்தி செய்யும் வழி பிறந்தது. போர் முடிவதற்குள் பெனிசிலின் எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

1945-இல் நோபெல் பரிசு பிளெமிங், புளோரி, செயின் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. ஹீட்லிக்கு இல்லை. 1990-இல் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகம் அவருக்கு மதிப்பியல் மருத்துவ முனைவர் பட்டம் வழங்கியது.

இனி, ஹீட்லியிடம் இருந்து என்னிடம் இல்லாதது யாது என்று பார்ப்போம். மூன்று செய்திகள் எனக்குத் தென்படுகின்றன.

முதலாவது, அவர் பெரிய எண்ணத்தைக் கை செய்யக்கூடிய சிறு வேலையாகக் குறுக்கினார். ‘உலகுக்கு மருந்து’ என்பது எண்ணம். ‘இந்தத் தட்டில் இந்தச் சாற்றை ஊற்றுவது’ என்பது வேலை. நானோ, ‘பாடல்கள் அனைத்தும்’ என்று எண்ணினேன். ‘இன்று ஒரு பாடல்’ என்று எண்ணவில்லை.

இரண்டாவது, அவர் இருப்பதைக் கொண்டு தொடங்கினார். தொடக்கத்தில் கிடைக்கும் கருவி எப்போதும் குறைபாடு உடையதாகவே இருக்கும். அக்குறைபாட்டைக் கண்டுதான் நல்ல கருவியை வகுக்கமுடியும்.

மூன்றாவது, அவர் ஆயத்தத்தையும் செயலையும் ஒன்றாகக் கருதி மயங்கவில்லை. முன்னுரை எழுதியபோது எனக்குப் பாடல்களையே எழுதிவிட்டதுபோன்ற நிறைவு ஏற்பட்டது. நண்பர்களின் பாராட்டும் அந்நிறைவை வளர்த்தது. செய்யாத செயலுக்குப் பெற்ற கூலி அது. கூலியை முன்னரே வாங்கியவனுக்கு வேலையில் வேகம் ஏது?

இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்க்கவேண்டும். அது காலத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்வது. ஜெர்மானிய உளவியலறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் இதனை ஆராய்ந்தார். விடுமுறையில் ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கூறி, அவர்களுள் ஒரு பகுதியினரை மட்டும், எந்த நேரத்தில் எந்த இடத்தில் அமர்ந்து எழுதுவீர்கள் என்று முன்னதாகவே குறித்துக்கொள்ளச் செய்தார்கள். அவ்வாறு குறித்துக்கொண்டோரில் எழுதி முடித்தவர்களின் விகிதம், மற்றவர்களைவிட இரு மடங்கிற்கும் மேலாக இருந்தது. ‘எழுதுவேன்’ என்று சொல்வது வேறு; ‘இரவு உணவுக்குப் பின், திண்ணையில் அமர்ந்து எழுதுவேன்’ என்று சொல்வது வேறு. பின்னதில், வேளை வந்ததும் அவ்வேளையே நம்மை அழைக்கிறது; மனத்தோடு மறுபடியும் வழக்காட வேண்டியதில்லை.

இதனை நான் காலம் கடந்தே கற்றேன். சில ஆண்டுகளுக்குப் பின், எங்கள் ஊர்த் தச்சர் ஒருவரிடமிருந்து வேளாண் கருவிகளின் பெயர்களைத் தொகுக்க விரும்பினேன். இம்முறை முன்னுரை எழுதவில்லை; எவரிடமும் சொல்லவும் இல்லை. ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், காலைக் கஞ்சி குடித்ததும் அவர் பட்டறைக்குச் செல்வது, ஐந்து சொற்கள் எழுதியபின் எழுவது என்று வகுத்துக்கொண்டேன். முதல் நாள் எழுதியவை மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு. நீங்கள் நகைக்கலாம், ஐந்து சொற்கள்தாமே! ஆனால் இரண்டு ஆண்டுகளில் அந்த நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது. அதற்கு முன்னுரை இன்றுவரை இல்லை.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். தோன்றிய எண்ணமெல்லாம் செயலாக வேண்டும் என்பதில்லை. பத்து எண்ணங்களை ஒரே நாளில் தொடங்குகிறவன் பத்தையும் பாதியில் விடுவான். பிறருக்குத் தீங்கு தரும் எண்ணத்தில் உறுதி கொள்வது அதனினும் கொடிது. வள்ளுவர் வினைத்தூய்மையை முன்னே வைத்த காரணம் அதுதான். ஆராய்ந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மற்றவற்றை ஓரிடத்தில் குறித்துவைத்து, முறை வரும்வரை காத்திருக்கச் செய்யுங்கள்.

வினைத்திட்பம் பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரம் என்று எண்ணிச் சோர்ந்துவிடாதீர்கள். நீச்சலைப்போல அதுவும் பயிற்சியினால் வருவது. கரையில் நின்று கற்க இயலாதது. சிறிய செயல் ஒன்றை முடித்தவனுக்கு அடுத்த செயலில் துணிவு பிறக்கிறது. அத்துணிவு ஏறி ஏறியே திட்பமாகிறது.

உங்கள் வீட்டிலும் ஓர் அப்பாயியோ அம்மாச்சியோ, தாத்தாவோ இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்கவேண்டும் என்று நெடுநாளாக நீங்கள் எண்ணியிருக்கும் செய்தி ஒன்றும் இருக்கக்கூடும். இன்றிரவு உணவு முடிந்ததும் அவர்கள் அருகே சென்று உட்காருங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், விடையை எழுதிக்கொள்ளுங்கள். தலைப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.