மடக்குக் கத்தியின் ஆட்டம்

மடக்குக் கத்தியை விரித்து, அலகை அதன் முதுகுப்புறமாகப் பற்றி மெல்ல அசைத்துப் பார்த்தால், ஏதேனும் ஓர் அசைவு பெரும்பாலும் விரலுக்குத் தட்டுப்படும். இதையே ‘ஆட்டம்’ என்கிறோம். புதுக் கத்தியில் இதைக் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குச் செல்வோர் உண்டு. தளர்ந்துபோன கத்தியால் கவலையின்றி இளநீர்க் கண்ணைக் குத்துவோரும் உண்டு. இவ்விரு சாராரும் முதலில் காணவேண்டியது, ஆட்டம் எத்திசையில் உள்ளது என்பதைத்தான்.

சாதாரணப் பேனாக்கத்திக்குப் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தம் ஒன்றே அலகை நிறுத்துகிறது. நாம் இங்குக் கருதுவது முதுகில் பூட்டுள்ள வகையை. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 110ஆம் எண் கத்தி இவ்வகைக்குப் பெரும் பெயரைத் தேடித் தந்தது. அதன் அலகு 3¾ அங்குலம். பிடியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை, கிணற்று ஏற்றத்தின் துலாவைப் போல நடுவே ஓர் ஆணியில் அமர்ந்திருக்கிறது. பட்டையின் முன்முனையிலுள்ள பல், அலகின் அடியில் வெட்டிய பள்ளத்தில் விழுந்து பூட்டுகிறது. பின்முனையை அழுத்தினால் பல் எழுந்து அலகு விடுபடுகிறது.

அசையும் உறுப்பு எதற்கும் மயிரிழை இடைவெளியேனும் வேண்டும். இங்கோ அலகின் ஆணி, பட்டையின் ஆணி, பல் பள்ளத்தைத் தொடும் இடம் ஆகிய மூன்றிலும் இடைவெளி சேர்கிறது. பல், அலகின் ஆணியிலிருந்து 5 மில்லிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும், கத்திமுனை 100 மில்லிமீட்டர் தொலைவில் இருப்பதாகவும் கொள்வோம். பல்லருகே 0.05 மில்லிமீட்டர் தளர்வு இருப்பினும், அது முனையில் 20 மடங்காகி ஒரு மில்லிமீட்டராகத் தோன்றும். ஆகவே மேலும் கீழுமான சிற்றசைவு இவ்வகைக் கத்தியின் இயல்போடு ஒட்டியது. அலகின் ஆணியை எவ்வளவு இறுக்கினாலும் அது நீங்காது. அலகு மடங்க மறுப்பதுதான் மிச்சம்.

பக்கவாட்டு ஆட்டம் வேறு. அது அலகின் ஆணி தளர்ந்ததைக் காட்டுகிறது. திருகாணியாயின் சிறிது முடுக்கினால் போதும். 110இல் உள்ளது போன்ற தறையாணியாயின், தலையை இரும்புக் கட்டையின்மேல் வைத்துச் சிறு சுத்தியால் மெதுவாகத் தட்டவேண்டும். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னரும் மடக்கிப் பார்ப்பது நலம்.

உண்மையில் அஞ்சத்தக்கது, பல் முழுதும் பள்ளத்தில் இறங்காத நிலை. சட்டைப்பைப் பஞ்சும் காய்ந்த பழச்சாறும் பள்ளத்தில் திரண்டால், பட்டை பாதி வழியில் நின்றுவிடும். ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டு நாமும் நம்பிவிடுவோம். பல்குச்சியால் சுரண்டி, வெந்நீரில் கழுவித் துடைத்து, ஒரு துளி தையல்பொறி எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகும்.

வெட்டும்போது விசை அலகைத் திறக்கும் பக்கமே தள்ளுகிறது. குத்தும்போதும், மரத்தில் சிக்கிய கத்தியை நெம்பி இழுக்கும்போதும் அது மடக்கும் பக்கம் திரும்பும். விரல்களைக் காப்பது அப்போது அந்தப் பல் ஒன்றே. இரு பக்க விசையையும் தாங்க ஒரு தனி ஆணியைச் சேர்த்து, இப்பளுவைப் பல்லினின்று பெருமளவு மாற்றியவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ டெம்கோ. அவர் அமைப்பு ‘ட்ரையட்’ பூட்டு எனப்படும்.

சோதிக்க விரும்புவோர் அலகின் முதுகை மேசையில் ஓங்கி அடிக்கலாகாது; நல்ல பூட்டும் அதனால் கெடும். விரல்களை அலகு மடங்கும் பாதைக்கு வெளியே வைத்து, முதுகைப் பலகையில் படிப்படியாக அழுத்துக. துப்புரவு செய்த பின்னும் பட்டை எழும்பினால், அக்கத்தியைப் பூட்டில்லாப் பேனாக்கத்தியாகவே கருதி, உறை பிரிக்கவும் பழம் நறுக்கவும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.